விளக்குக் கம்பத்தில் ஒரு மஞ்சள் தாள்: இங்கிலாந்தில் திட்ட அனுமதி இணையத்துக்கு வந்த வரலாறு

இங்கிலாந்தின் குடியிருப்புத் தெருக்களில் நடந்து போகும்போது, விளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் கட்டித் தொங்கவிட்ட ஒரு தாளை அடிக்கடி பார்க்கலாம். பல ஊர்களில் அது மஞ்சள் நிறத்தில் இருக்கும். இன்ன எண் வீட்டுக்காரர் பின்பக்கம் ஓர் அறை கூட்டிக் கட்ட விண்ணப்பித்திருக்கிறார், இந்தத் தேதிக்குள் கருத்துச் சொல்லலாம், வரைபடங்களைக் கவுன்சிலின் இணையதளத்தில் பார்க்கலாம் என்று அதில் அச்சடித்திருக்கும். கூடவே ஒரு விண்ணப்ப எண்ணும் இருக்கும்.

அந்த எண்ணைக் கவுன்சிலின் தளத்தில் தட்டிப் பார்த்தால் வீட்டின் வரைபடம், விண்ணப்பப் படிவம், பக்கத்து வீட்டார் எழுதிய ஆட்சேபனைகள், கடைசியில் அதிகாரியின் அறிக்கை என எல்லாம் வரிசையாக வரும். பார்ப்பவர் அந்தத் தெருக்காரராக இருக்க வேண்டியதில்லை. மதுரையில் உட்கார்ந்துகொண்டும் பார்க்கலாம். காரணம் கேட்க மாட்டார்கள். அடையாள அட்டையும் வேண்டாம்.

அடுத்தவர் வீட்டுக்குள் எந்த இடத்தில் குளியலறை வரப்போகிறது என்பதை ஊரே பார்க்கலாம் என்ற நிலை எப்படி வந்தது? இது கணினி வந்ததால் மட்டும் வந்தது அல்ல. இதற்குப் பின்னால் நீண்ட கதை ஒன்று இருக்கிறது. அந்தக் கதையில் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்த உரிமைகளும் உண்டு, இன்று வரை கிடைக்காத ஓர் உரிமையும் உண்டு.

பன்றிக் கொட்டகையில் தொடங்கிய சட்டம்

இங்கிலாந்தில் நெடுங்காலம் நிலத்தின் சொந்தக்காரரே ராஜா. தன் நிலத்தில் என்ன கட்டினாலும் கேட்பாரில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பாதிக்கப்பட்டால் நீதிமன்றத்துக்குப் போகலாம், அவ்வளவுதான்.

அப்படிப் போன ஒருவர் வில்லியம் ஆல்ட்ரெட். நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்தவர். அவருடைய வீட்டை ஒட்டி இன்னொருவர் பன்றிக் கொட்டகை கட்டிவிட்டார். நாற்றம் தாங்கவில்லை. 1610-ல் தீர்ப்பான இந்த வழக்கு இன்றும் சட்ட மாணவர்களுக்குப் பாடம். காற்றைக் கெடுப்பதும் வெளிச்சத்தை மறைப்பதும் தவறு, அதற்கு வழக்குப் போடலாம். ஆனால் ஜன்னல் வழியே தெரியும் அழகான காட்சியை மறைத்தால் அதற்கு வழக்குப் போட முடியாது, ஏனென்றால் காட்சி என்பது இன்பமே தவிரத் தேவை அல்ல என்று நீதிமன்றம் கருதியது.

நானூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றும் கவுன்சில் தளங்களில், எந்தெந்த ஆட்சேபனைகளைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்ற பட்டியலில் 'காட்சி மறைகிறது' என்பது இடம்பெறுவதைப் பார்க்கலாம். ஆல்ட்ரெட் வழக்கின் சாயல் அது.

ஆனால் இந்த வழியில் ஒரு பெரிய குறை இருந்தது. கொட்டகை எழும்பி நாற்றம் அடித்த பிறகுதான் நீதிமன்றம் போக முடியும். கட்டப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியே இல்லை.

சாக்கடை கொண்டுவந்த வரைபடம்

19-ஆம் நூற்றாண்டில் தொழிற்புரட்சியால் நகரங்கள் வீங்கின. முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள், காற்றோட்டமில்லாத சந்துகள், காலரா. இதற்கு மருந்தாக வந்தவை பொதுச் சுகாதாரச் சட்டங்கள். 1875-ஆம் ஆண்டுச் சட்டம், தெருவின் அகலம், கட்டடத்தைச் சுற்றியுள்ள இடைவெளி, வடிகால் போன்றவற்றுக்கு உள்ளூர் விதிகள் வகுக்கும் அதிகாரத்தை ஊராட்சி அமைப்புகளுக்குத் தந்தது. புதிதாகக் கட்டுபவர் வரைபடத்தை முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும் என்றும் அவை விதி செய்யலாம். அப்படிக் கொடுக்கப்பட்ட வரைபடங்கள் இன்றும் பல ஊர்களின் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன.

ஆனால் அந்த வரைபடம் அதிகாரிக்கும் கட்டுபவருக்கும் இடையிலான விஷயம். சாக்கடை சரியாக இருக்கிறதா என்பதே கேள்வி. அங்கே அந்தக் கட்டடம் வரலாமா என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை முதலில் தொட்டது 1909-ஆம் ஆண்டு வீட்டுவசதி மற்றும் நகரமைப்புச் சட்டம். முதுகொட்டி வீடுகளைப் புதிதாகக் கட்டுவதை அது தடை செய்தது. ஊரின் ஓரத்தில் விரியப்போகும் பகுதிகளுக்குத் திட்டம் போடவும் அனுமதித்தது. ஆனால் திட்டம் போடுவது கட்டாயமில்லை. அதற்குப் பின் வந்த சட்டங்களும் அரைகுறையாகவே இருந்தன. இரண்டு உலகப் போர்களுக்கு இடையே நெடுஞ்சாலைகளின் இருபுறமும் ரிப்பன் போல வீடுகள் நீண்டுகொண்டே போயின. 1935-ல் அதைத் தடுக்க மட்டும் தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது.

1947: நிலம் உன்னுடையது, கட்டும் உரிமை உன்னுடையதல்ல

இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு நகரங்களைச் சிதைத்தது. மீண்டும் கட்டியாக வேண்டும், பழையபடி கண்டபடி கட்டக் கூடாது என்ற எண்ணம் வலுத்தது. அட்லியின் தொழிற்கட்சி அரசில் நகர் ஊரமைப்பு அமைச்சராக இருந்த லூயிஸ் சில்கின் கொண்டுவந்ததுதான் 1947-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். 1948 ஜூலை 1-ல் அது நடைமுறைக்கு வந்தது.

இதை ஒரு புரட்சி என்றே சொல்லலாம். நிலம் சொந்தக்காரரிடமே இருந்தது. ஆனால் அதில் புதிதாகக் கட்டும் உரிமையும், பயன்பாட்டை மாற்றும் உரிமையும் அரசின் கைக்குப் போயின. இனி அனுமதி வாங்கினால்தான் கட்டலாம். 1,400-க்கும் மேற்பட்ட சிறு அமைப்புகளிடம் சிதறிக் கிடந்த பொறுப்பு 145 அமைப்புகளிடம் வந்தது. அனுமதியால் நிலத்தின் மதிப்பு கூடினால் அந்த லாபம் முழுவதையும் அரசே வரியாக எடுத்துக்கொள்ளும் என்றும் சட்டம் சொன்னது. அந்த வரியைப் பின்னர் வந்த கன்சர்வேடிவ் அரசு 1953-ல் நீக்கிவிட்டது. அனுமதி முறை மட்டும் நிலைத்துவிட்டது.

இந்தச் சட்டத்துக்குள் அதிகம் பேசப்படாத ஒரு சிறு பிரிவு இருந்தது. ஒவ்வொரு திட்ட அமைப்பும் தனக்கு வரும் விண்ணப்பங்களுக்கும் அவற்றின் முடிவுகளுக்கும் ஒரு பதிவேடு வைக்க வேண்டும், அதைப் பொதுமக்கள் பார்வையிட அனுமதிக்க வேண்டும் என்பதே அது. இன்று இணையத்தில் இருக்கும் தேடுபெட்டியின் மூதாதை அந்தப் பதிவேடுதான்.

பார்க்கலாம், சரி. ஆனால் பார்க்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டுக்காரர் விண்ணப்பித்திருக்கிறார் என்று யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். வேலை நாளில் லீவு போட்டு, நகர மன்றத்துக்குப் போய், தடித்த பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்ட வேண்டும். இந்த நிலையைக் கிண்டல் செய்துதான் டக்ளஸ் ஆடம்ஸ் தன் 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி' என்ற நகைச்சுவைத் தொடரைத் தொடங்கினார். 1978-ல் பிபிசி வானொலியில் வந்தது. கதாநாயகனின் வீட்டை இடிக்கப் புல்டோசர் வந்து நிற்கும். திட்டம் பல மாதமாகப் பொதுப் பார்வையில்தான் இருந்தது என்பார் அதிகாரி. எங்கே இருந்தது தெரியுமா? விளக்கில்லாத நிலவறையில், பூட்டிய அலமாரியின் அடியில். பிரிட்டன் முழுவதும் சிரித்ததற்குக் காரணம், அது முழுக் கற்பனை போலத் தோன்றாததுதான்.

சீமைச் சுண்ணாம்புக் குழி

தெரிந்துகொண்டாலும் என்ன பயன் என்று கேட்க வைத்த வழக்கு ஒன்று உண்டு. எஸெக்ஸ் பகுதியில் சாஃப்ரன் வால்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு நிறுவனம் சீமைச் சுண்ணாம்பு வெட்டியெடுக்க அனுமதி கேட்டது. உள்ளூர் அமைப்பு மறுத்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. பொது விசாரணை நடந்தது. அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் வந்து, தூசி பறந்து எங்கள் பயிரும் கால்நடையும் கெடும் என்று சாட்சி சொன்னார்கள். விசாரணை அதிகாரி அதை ஏற்று, மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யலாம் என்று அறிக்கை கொடுத்தார்.

ஆனால் முடிவெடுப்பவர் அமைச்சர். அவருடைய துறை வேளாண் அமைச்சகத்தின் நிபுணர்களைத் தனியாகக் கேட்டது. சரியான முறையில் வேலை செய்தால் தூசியால் ஆபத்தில்லை என்று அவர்கள் சொன்னார்கள். அமைச்சர் அனுமதி கொடுத்துவிட்டார். நிபுணர்கள் சொன்னது என்ன என்று நிலக்காரர்களுக்குக் காட்டவும் இல்லை, பதில் சொல்ல வாய்ப்புத் தரவும் இல்லை.

நிலக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 1960-ல் வந்த தீர்ப்பு அவர்களைத் திகைக்க வைத்தது. திட்ட அனுமதி என்பது அரசுக்கும் விண்ணப்பதாரருக்கும் இடையிலானது, பக்கத்து நிலக்காரரின் சட்ட உரிமை எதுவும் இதில் பறிக்கப்படவில்லை, ஆகவே அவர் 'பாதிக்கப்பட்டவர்' ஆக மாட்டார் என்றது நீதிமன்றம். விசாரணைக்கு வந்து சாட்சி சொன்னவர்களுக்கு, அந்த விசாரணையின் முடிவு தவறு என்று வழக்குப் போடத் தகுதி இல்லை!

நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் கண்டனம் எழுந்தது. 1962-ல் விசாரணை விதிகள் மாற்றப்பட்டன. விசாரணை முடிந்த பிறகு புதிய சான்றையோ நிபுணர் கருத்தையோ வைத்து அதிகாரியின் பரிந்துரையை மாற்ற அமைச்சர் நினைத்தால், முதலில் தரப்பினருக்குத் தெரிவித்துப் பதில் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்று வந்தது. விசாரணையில் கலந்துகொண்டவர்கள் வழக்குப் போடலாம் என்று 1973-ல் வேறொரு வழக்கில் நீதிமன்றமும் இறங்கி வந்தது. தோற்ற வழக்கால் வந்த மாற்றங்கள் இவை.

மெல்லத் திறந்த கதவு

அதே 1960-ல் இன்னொரு மாற்றமும் நடந்தது. கவுன்சில் கூட்டங்களுக்குப் பத்திரிகையாளர்களையும் பொதுமக்களையும் அனுமதிக்க வேண்டும் என்ற சட்டத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் ஒரு புதிய பெண் உறுப்பினர். நாடாளுமன்றத்தில் அவருடைய முதல் பேச்சே அந்த மசோதாவைப் பற்றியதுதான். அவர் பெயர் மார்கரெட் தாட்சர்.

கசாப்புக்கூடம், குப்பைக் கிடங்கு, நடன அரங்கம் போல அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தரக்கூடியவற்றுக்கு மட்டும் விளம்பரம் செய்ய வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்தது. 1967-ல் பழமை மாறாமல் காக்கப்படும் பகுதிகளுக்கும் அது விரிந்தது. ஊருக்கான திட்டங்களை வகுக்கும்போதே மக்களைக் கலக்க வேண்டும் என்று 1969-ல் ஸ்கெஃபிங்டன் குழு அறிக்கை தந்தது.

1974-ல் கட்டடக் கலைஞர் ஜான் பௌல்சன், பொது ஒப்பந்தங்களைப் பெறக் கவுன்சிலர்களுக்கும் அதிகாரிகளுக்கும் லஞ்சம் கொடுத்த வழக்கில் சிறை சென்றார். நியூகாஸில் நகரின் முன்னாள் தலைவர் டி. டான் ஸ்மித்தும் சிறை சென்றார். கவுன்சில்கள் மீதான நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1985-ல் வந்த சட்டம் குழுக் கூட்டங்களின் அறிக்கைகளையும் அவற்றுக்கு அடிப்படையான ஆவணங்களையும் மக்கள் பார்க்க வழி செய்தது.

கடைசியில், 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொடர்ச்சியாக 1992-ல்தான் அந்த எளிய விஷயம் நடந்தது. சாதாரண விண்ணப்பமாக இருந்தாலும், ஒன்று இடத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும் அல்லது பக்கத்து வீட்டாருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும் என்பது கட்டாயமானது. கருத்துச் சொல்ல 21 நாள். பார்க்கும் உரிமை 1947-ல் வந்தது. பார்க்க ஏதோ இருக்கிறது என்று தெரிவிக்கப்படும் உரிமை வர 45 ஆண்டுகள் ஆயின.

கோப்பறையிலிருந்து திரைக்கு

2000-ல் டோனி பிளேர் அரசு, எல்லா அரசுச் சேவைகளும் 2005-க்குள் இணையத்துக்கு வர வேண்டும் என்று இலக்கு வைத்தது. திட்ட அனுமதி அதற்குப் பொருத்தமான துறை. காகிதம் அதிகம், பார்க்க விரும்புவோர் அதிகம், சட்டப்படி எல்லாமே ஏற்கனவே பொது ஆவணம். 2002-ல் 'பிளானிங் போர்ட்டல்' என்ற தேசியத் தளம் தொடங்கியது. 2003-ல் மின்னணு முறையில் விண்ணப்பிக்கச் சட்டம் இடம் கொடுத்தது.

அதுவரை ஒவ்வொரு கவுன்சிலுக்கும் ஒவ்வொரு படிவம். 2008 ஏப்ரலில் இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே மாதிரியான விண்ணப்ப முறை கட்டாயமானது. அறிவிப்பு விவரங்களை இணையத்தில் வெளியிடுவதும் 2010-ல் கவுன்சிலின் கடமையானது. 2015-ல் போர்ட்டல் அரசும் தனியார் நிறுவனமும் சேர்ந்த கூட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2018 முதல் விண்ணப்பக் கட்டணத்தோடு தனிச் சேவைக் கட்டணமும் வந்தது. பார்ப்பதற்கும் கருத்துச் சொல்வதற்கும் கட்டணம் இல்லை.

பல கவுன்சில்கள் பழைய கோப்புகளையும் மைக்ரோஃபிஷ் தகடுகளையும் ஸ்கேன் செய்து ஏற்றின. இதன் பயன் விண்ணப்பதாரருக்கு மட்டுமல்ல. ஒரு தெருவில் சில ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி மாடி கட்ட அனுமதி மறுக்கப்பட்டதா, ஏன் என்று அதிகாரியின் அறிக்கையை இப்போது யாரும் படிக்கலாம். முன்பு அந்த விவரம் ஊரின் வக்கீல்களுக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் போல இருந்தது. சாதாரண ஆள் எழுதும் ஆட்சேபனைக்கு இப்போது வலு கூடியிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இந்தப் பழைய அறிக்கைகள்தான்.

ஏனென்றால் இங்கே தலைகளை எண்ணி முடிவெடுப்பதில்லை. நூறு பேர் 'எங்கள் வீட்டு விலை குறையும்' என்று எழுதினாலும் அது கணக்கில் சேராது. ஒரே ஒருவர் 'இந்த ஜன்னல் எங்கள் படுக்கையறையை நேராகப் பார்க்கிறது, வரைபடத்தில் தூரம் இவ்வளவுதான்' என்று எழுதினால் அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தரங்கம், வெளிச்சம், சத்தம், போக்குவரத்து ஆகியவை செல்லும். காட்சியும் வீட்டு விலையும் செல்லாது.

பதிவுகள் திரைக்குப் போனதில் புதிய ஆபத்தும் உண்டு. 2020 அக்டோபரில் லண்டனின் ஹாக்னி கவுன்சில் மீது இணையத் தாக்குதல் நடந்தது. வீடு வாங்குவோருக்குத் தேவையான நிலப் பதிவுத் தேடல் முடங்கி, வீட்டு விற்பனைகள் நின்றுபோயின. பூட்டிய நிலவறை அலமாரி போய், பூட்டிய கணினி வந்தது.

வராத உரிமை

அனுமதி மறுக்கப்பட்டால் விண்ணப்பதாரர் மேல்முறையீடு செய்யலாம். அனுமதி கொடுக்கப்பட்டால் பக்கத்து வீட்டுக்காரர் மேல்முறையீடு செய்ய முடியாது. 1947-லும் முடியாது, இன்றும் முடியாது. சட்டப் பிழை இருந்தால் உயர் நீதிமன்றம் போகலாம். அதற்கான கால அவகாசம் 2013-ல் மூன்று மாதத்திலிருந்து ஆறு வாரமாகக் குறைக்கப்பட்டது. செலவும் சாதாரணக் குடும்பம் தாங்கக்கூடியதல்ல. பக்கத்து நாடான அயர்லாந்தோ, 1963-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே மூன்றாம் தரப்பினருக்கும் மேல்முறையீட்டு உரிமை தந்திருக்கிறது.

இங்கிலாந்தில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் கவுன்சிலர்கள் குழுவுக்கே போவதில்லை, அதிகாரியின் மேசையிலேயே முடிந்துவிடுகின்றன. ஆகவே பெரும்பாலான அக்கம்பக்கத்தாருக்கு அந்த 21 நாள்தான் எல்லாம். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தாலோ, இணையம் பழக்கமில்லாத முதியவராக இருந்தாலோ, மழையில் நனைந்த அறிவிப்பைக் கவனிக்காமல் போனாலோ, அந்த வாய்ப்பு திரும்பி வராது.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் ஒரு தொடர்பு உண்டு. பிரிட்டனின் 1909-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் வந்தது 1920-ஆம் ஆண்டு சென்னை நகரமைப்புச் சட்டம். அதன் இடத்தில் வந்த 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தன் பெயரையே சில்கின் கொண்டுவந்த சட்டத்தின் பெயரை ஒட்டி 'நகர் ஊரமைப்பு' என்று வைத்துக்கொண்டது. வீடு கட்டும் ஒவ்வொருவரும் உச்சரிக்கும் 'திட்ட அனுமதி' என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது அந்தக் குடும்பம்தான்.

சட்டத்தின் பெயரைக் கடல் கடந்து கொண்டுவருவது எளிது. பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற ஒரே ஒரு விதிக்கு, அந்தப் பெயர் பிறந்த நாட்டிலேயே அரை நூற்றாண்டு பிடித்தது. அடுத்த முறை யாராவது இங்கிலாந்துத் தெருவின் புகைப்படத்தில் விளக்குக் கம்பத்து மஞ்சள் தாளைப் பார்த்தால், அதில் இருக்கும் கடைசித் தேதியையும் ஒரு பார்வை பார்க்கலாம். அந்தத் தேதி தாண்டிவிட்டால், திரையில் வரைபடம் இருக்கும், ஆட்சேபனைகள் இருக்கும், அறிக்கையும் இருக்கும். சொல்ல வேண்டியதைச் சொல்லும் நேரம்தான் போயிருக்கும்.